நெப்போலியன் பாட்காஸ்ட்: கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெப்போலியன் போனபர்ட்டின் வாழ்க்கையைத் தமிழில் பகுதி பகுதியாகச் சொல்லிவரும் பாட்காஸ்ட் இது. கேட்பவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குரல்பதிவுகளிலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில பதில்கள் இரண்டு வரியில் முடியும், சில நீளும்.

எந்தப் பகுதியிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலிலிருந்தே கேளுங்கள். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் 1793-இல் நடந்த துலோன் முற்றுகையிலிருந்து தொடங்கலாம். பெயர் தெரியாத பீரங்கிப் படை அதிகாரியாக அங்கே போனவர், 24 வயதில் ஜெனரலாகத் திரும்பினார். அதற்கப்புறம் கதை நிற்காமல் ஓடும்.

முதல் சில பகுதிகளில் நெப்போலியனே வரவில்லையே, ஏன்?

கோர்சிகாவைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. அந்தத் தீவை 1768-இல் ஜெனோவா பிரான்சிடம் ஒப்படைத்தது. பஸ்குவாலே பவோலி தலைமையில் தீவு மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். 1769 மே மாதம் போன்ட்டே நோவுவில் தோற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அஜாக்சியோவில் நெப்போலியன் பிறந்தார். அதாவது, நாடு தோற்ற மூன்றாவது மாதத்தில் பிறந்த பிள்ளை.

அப்பா கார்லோ பவோலியின் ஆளாக இருந்தவர். தோல்விக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களோடு ஒத்துப்போனார், தன் குடும்பம் பிரபு வம்சம் என்று சான்று வாங்கினார், அதைக் காட்டி மகனுக்கு பிரியென் ராணுவப் பள்ளியில் அரசு உதவித்தொகையோடு இடம் பிடித்தார். ஒன்பது வயதுப் பையன், பேசியது இத்தாலியக் கலப்புள்ள கோர்சிகன் மொழி, போய்ச் சேர்ந்ததோ வடக்கே குளிரில் பிரபுக்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. அவருடைய உச்சரிப்பைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். இருபது வயதைத் தாண்டியும் அவர் பிரான்சைத் தன் தீவை ஆக்கிரமித்த நாடாகவே பார்த்தார். பவோலிதான் அவருக்குத் தலைவர். 1793-இல் அந்தப் பவோலியின் ஆட்களே போனபர்ட் குடும்பத்தைத் தீவை விட்டு விரட்டினார்கள். முழுப் பிரெஞ்சுக்காரராக அவர் மாறியது அதற்கப்புறம்தான்.

பிரெஞ்சுப் புரட்சியையும் மறக்கக் கூடாது. பழைய மன்னராட்சி நீடித்திருந்தால் பீரங்கிப் படையில் கேப்டனாகவே அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். பிரபு வம்சத்து அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டு ஓடியதால் மேலே இடங்கள் காலியாகிக் கிடந்தன. திறமையோடு இந்தக் காலமும் சேர்ந்துதான் அவரை உருவாக்கியது. அதனால்தான் அந்தப் பகுதிகள்.

அவர் குள்ளமா?

இல்லை. பிரேதப் பரிசோதனையில் குறித்த உயரம் ஐந்தடி இரண்டங்குலம், ஆனால் அது அன்றைய பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது. கணக்குப் போட்டால் சுமார் 168 செ.மீ. அன்றைய பிரெஞ்சு ஆண்களின் சராசரிக்குக் குறைவே இல்லை. கில்ரே போன்ற லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் அவரைச் சின்னப் பையனாக வரைந்து தள்ளினார்கள். அந்தப் படங்கள் நிலைத்துவிட்டன.

“முடியாது என்ற சொல் என் அகராதியில் இல்லை” என்று அவர் உண்மையில் சொன்னாரா?

வாட்ஸ்அப்பில் வரும் நெப்போலியன் பொன்மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. இதற்கு மட்டும் ஒரு வேர் உண்டு. 1813 ஜூலை 9 அன்று தளபதி லெமருவாவுக்கு எழுதிய கடிதத்தில், “முடியாது என்று எழுதுகிறீர்கள், அது பிரெஞ்சு அல்ல” என்கிறார்.

வரி ஊக்கம் தருவதுதான். எழுதிய நேரத்தையும் பாருங்கள். முந்தைய ஆண்டு ரஷ்யாவில் படையை இழந்திருந்தார். முறை வருமுன்பே அழைக்கப்பட்ட இளைஞர்களை வைத்துப் புதுப்படை கட்டி, ஜெர்மனியில் ஒரு தற்காலிகப் போர்நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். சமாதானம் பேச வாய்ப்பிருந்த அந்தக் கோடைக்காலத்தில் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். அக்டோபரில் லைப்சிக்கில் தோற்றார். “முடியாது” என்று சொல்லக்கூடியவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் அவருடைய ஆட்சி பிழைத்திருக்கும் என்பது என் கருத்து.

நீங்கள் எதை நம்பிக் கதை சொல்கிறீர்கள்?

இந்தத் தொடரின் முதுகெலும்பே இந்தக் கேள்விதான். ஏனென்றால் நெப்போலியன் தன் கதையைத் தானே எழுதிக்கொண்ட மனிதர். 1797-இல் இத்தாலியில் போர் நடத்தும்போதே தன் படைக்கென்று செய்தித்தாள் தொடங்கினார். ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், 1800 ஜனவரியில், பாரிஸில் வந்துகொண்டிருந்த 73 அரசியல் பத்திரிகைகளில் 60-ஐ மூடினார். போர்க்களத்திலிருந்து அவர் வெளியிட்ட அறிக்கைகளில் எதிரியின் சாவு எண்ணிக்கை ஏறும், தன் பக்கத்து எண்ணிக்கை இறங்கும். “போர் அறிக்கை மாதிரி பொய் சொல்கிறான்” என்பது அன்றைய பிரான்சில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

ஓவியங்களும் அப்படித்தான். ஆல்ப்ஸ் மலையில் வெள்ளைக் குதிரை முன்னங்கால் தூக்கி நிற்க அவர் மேலே கை காட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1800 மே மாதம் அவர் மலையைக் கடந்தது கோவேறு கழுதையின் மேல். 1804 முடிசூட்டு விழா ஓவியத்தில் நடுமேடையில் அம்மா லெட்டிசியா வீற்றிருக்கிறார். அன்றைக்கு அவர் பாரிஸிலேயே இல்லை. மகன்களுக்குள் நடந்த சண்டையில் கோபித்துக்கொண்டு ரோமில் இருந்தார்.

கடைசியாக, அவரை நாடுகடத்தி வைத்திருந்த செயின்ட் ஹெலெனா தீவு. அங்கே அவர் சொல்லச் சொல்ல உடனிருந்த லாஸ் காஸ் எழுதிவைத்து 1823-இல் வெளியிட்ட நூல்தான், மக்களின் விடுதலைக்காகப் போராடிய நெப்போலியன் என்ற உருவத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. இறந்த பிறகும் பிரச்சாரம் ஓயவில்லை.

அதனால் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அவருடைய கடிதங்கள் 2004 முதல் 2018 வரை 15 தொகுதிகளாக வெளிவந்தன, 40,000-க்கும் மேல். குதிரைக்கு லாடம், படைக்குச் செருப்பு, அண்ணன் ஜோசப்புக்கு அறிவுரை, மனைவி ஜோசஃபீனுக்குக் கெஞ்சல் என்று எல்லாம் அதில் உண்டு. ஊருக்காகச் சொன்னதையும் ஒரு அதிகாரிக்கு ரகசியமாக எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனிதர் தெரிவார். அப்புறம் எதிரிகளின் பதிவுகள், சாதாரணச் சிப்பாய்களின் கடிதங்கள். ரஷ்யா போய் உயிரோடு திரும்பிய ஜெர்மானியக் கல்தச்சர் ஒருவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு, எந்த மார்ஷலின் சுயசரிதையைவிடவும் எனக்கு மதிப்புள்ளது. அதில் போர்த்தந்திரம் இல்லை. பசிதான் இருக்கிறது.

போர்ப் பகுதிகளைக் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்ள முடியவில்லை. என்ன செய்வது?

ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்றே கோடு போட்டுக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஆஸ்டர்லிட்ஸ், 1805 டிசம்பர் 2. வடக்கிலிருந்து தெற்காக ஒரு ஓடை, பெயர் கோல்ட்பாக். ஓடைக்கு மேற்கே நெப்போலியன், கிழக்கே பிராட்ஸன் மேடு. அந்த மேட்டில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள். நெப்போலியன் தெற்கிலிருந்த தன் வலப்பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டினார். எதிரி அதை நொறுக்க மேட்டை விட்டுக் கீழே இறங்கினான். வியன்னா பக்கத்திலிருந்து இரண்டே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த அவருடைய தளபதி தவூவின் படை அந்த வலப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தது. காலை மூடுபனிக்குள்ளிருந்து இன்னொரு தளபதி சூல்ட்டின் படை காலியான மேட்டில் ஏறியது. எதிரிப் படை நடுவில் இரண்டாகப் பிளந்தது.

ஓடை, மேடு, யார் எங்கே. இவ்வளவு தெரிந்தால் போதும். ரெஜிமென்ட் பெயர்களையெல்லாம் நினைவில் வைக்க வேண்டாம், நானும் அவற்றைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஹைட்டிக்கு ஏன் இவ்வளவு பகுதிகள்? போர்களுக்குத் திரும்பலாமே?

இந்தக் கேள்வி நிறைய வருகிறது. நான் குறைக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

செயின்ட் டொமிங்கு, இன்றைய ஹைட்டி, அன்றைக்குப் பிரான்சின் மிகப் பணக்காரக் காலனி. சர்க்கரையும் காப்பியும் அங்கிருந்து போயின. 1791-இல் அடிமைகள் கிளர்ந்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பிரெஞ்சுப் புரட்சி அரசு காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அடிமையாகப் பிறந்த துசேன் லூவெர்த்தூர் பிரெஞ்சு ஜெனரலாகி, அந்தத் தீவை ஸ்பெயினிடமிருந்தும் இங்கிலாந்திடமிருந்தும் காப்பாற்றிக் கொடுத்தார். கவனியுங்கள், பிரான்சுக்காகக் காப்பாற்றிக் கொடுத்தார்.

நெப்போலியன் என்ன செய்தார்? தன் தங்கை பாலின் கணவர் லெக்லெர்க்கின் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். அது 1802 தொடக்கத்தில் போய் இறங்கியது. ஜூனில் துசேனைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கைது செய்தார்கள். ஜூரா மலைக் குளிரில் ஜூ கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7 அன்று அவர் அங்கேயே இறந்தார். இதற்கிடையில் 1802 மே 20 தேதியிட்ட சட்டம் வந்தது. ஆங்கிலேயரிடமிருந்து திரும்பி வரும் மார்த்தினிக் போன்ற காலனிகளில் 1789-க்கு முந்தைய சட்டப்படி அடிமை முறை நீடிக்கும் என்றது. இன்னொரு கரீபியக் காலனியான குவாதலூப்பில் சட்டப்படி விடுதலை பெற்று எட்டு ஆண்டுகள் வாழ்ந்த மக்களை அதே ஆண்டு மறுபடி அடிமைகளாக்கினார்கள். அதை எதிர்த்த பிரெஞ்சு அதிகாரி லூயி தெல்கிரெஸ், மே 28 அன்று மத்தூபா மலைச்சரிவில் வழியெல்லாம் அடைபட்ட நிலையில், வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தன் ஆட்களோடு உயிரை விட்டார்.

குவாதலூப் செய்தி எட்டியதும் ஹைட்டியில் யாரும் பிரெஞ்சுக்காரரை நம்பத் தயாராக இல்லை. லெக்லெர்க்கையும் அவர் படையில் பெரும்பகுதியையும் மஞ்சள் காய்ச்சல் கொண்டுபோனது. அடுத்து வந்த ரோஷாம்போ, கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து மனிதர்கள் மேல் ஏவினார். அந்தப் படையில் இருந்த போலந்துச் சிப்பாய்களில் சிலர் பக்கம் மாறினார்கள். போலந்தவர்களுக்கு 1805 ஹைட்டி அரசியல் சாசனத்திலேயே தனி இடம் உண்டு. 1803 நவம்பர் 18, வெர்த்தியெர் போர். 1804 ஜனவரி 1, சுதந்திரம். வாட்டர்லூவுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே நெப்போலியனின் ஒரு படை முழுதாகத் தோற்றது. தோற்கடித்தவர்கள் முன்னாள் அடிமைகள். கரீபியக் கனவு கலைந்ததும் 1803-இல் லூசியானாவை அமெரிக்காவுக்கு 1.5 கோடி டாலருக்கு விற்றார். ஒரு நாட்டின் பரப்பையே அது இரட்டிப்பாக்கியது.

“அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்” என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டின் சட்டம் வேறாக இருந்தது. கையில் இருந்த விடுதலையைத் திரும்பப் பிடுங்கியவர் இவர். செயின்ட் ஹெலெனாவில் அந்தப் படையெடுப்பு தவறு என்றும், துசேன் மூலமாகவே ஆண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதில்கூட வருத்தம் காரியம் கெட்டதற்குத்தான்.

அப்படியானால் நீங்கள் நெப்போலியனின் எதிரியா?

1804 மார்ச் 21 என்ற ஒரே தேதியைச் சொல்கிறேன். அன்று அதிகாலையில் வின்சென் கோட்டை அகழியில் பழைய மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கியேன் பிரபுவைச் சுட்டுக் கொன்றார்கள். அயல் மண்ணிலிருந்து கடத்தி வந்து, ராத்திரியோடு ராத்திரியாக விசாரணை என்று ஒன்றை நடத்தி, விடியுமுன் தண்டனை. அதே நாளில்தான் சட்டத்தின் முன் குடிமக்கள் சமம் என்ற அடிப்படையில் எழுதிய சிவில் சட்டத் தொகுப்பும் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒரே ஆளின் ஆட்சி. இதில் ஒன்றை மட்டும் சொல்பவரிடம் முழுக் கதை இல்லை.

அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஊருக்கு ஒரு வழக்கம், மாகாணத்துக்கு ஒரு நியாயம் என்று கிடந்த நாட்டுக்கு யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரே சட்டம் கிடைத்தது. வரைவு விவாதங்களில் அவரே பலமுறை தலைமை வகித்து உட்கார்ந்தார். ஆனால் 213-ஆம் பிரிவு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. 1781-ஆம் பிரிவு, கூலித் தகராறில் முதலாளியின் வாய்ச்சொல்லே சாட்சி என்றது. சமத்துவம் யாருக்கு என்று கேட்டு ஒரு பகுதி முழுக்கப் பேசியிருக்கிறேன். பெண்கள் அதிகம் எழுதியது அந்தப் பகுதிக்குத்தான்.

அவர் இந்தியா மீது படையெடுக்க நினைத்தாரா?

நினைத்தார். 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார். பெரும்படையோடு செங்கடல் கரை வரை வந்துவிட்டேன், ஆங்கிலேயரின் நுகத்தடியிலிருந்து உங்களை விடுவிக்க விரும்புகிறேன், நம்பிக்கையான ஆளை அனுப்புங்கள் என்று. கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு கொல்லப்பட்டபோது, நெப்போலியன் பாலஸ்தீனக் கரையில் ஏக்கர் கோட்டைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். அந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பக்கம் இருந்த ஒரு கர்னல், ஆர்தர் வெல்லெஸ்லி. வாட்டர்லூவில் எதிரே நின்ற வெலிங்டன் அவர்தான்.

1803-இல் தளபதி தெக்கான் புதுச்சேரியைத் திரும்பப் பெற வந்தார். 1802-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஆமியேன் சமாதானப்படி அது பிரான்சுக்கு வர வேண்டும். ஆங்கிலேயர் கொடுக்கவில்லை. அதற்குள் போர் மறுபடி மூண்டது. தெக்கான் மொரீஷியஸுக்குப் போய் 1810 வரை அங்கே ஆண்டார். 1807-இல் பாரசீகத்தோடு ஒப்பந்தம் போட்டு தரைவழியாக வரும் யோசனையும் இருந்தது. சில மாதத்தில் ரஷ்யாவோடு கைகுலுக்கியதும் அது கைவிடப்பட்டது.

தமிழர்களுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, வலிந்து இழுக்க வேண்டியதே இல்லை. பிரெஞ்சுச் சிவில் சட்டம் 1819-இல் புதுச்சேரிக்கு வந்தது. 1881 ஆணைப்படி, தங்கள் சாதி, மதவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றானது. அப்படித் துறந்த தமிழ்க் குடும்பங்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். இந்து திருமணச் சட்டத்தை 1963-இல் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதும் இவர்களுக்கு விலக்கு இருந்தது.

இலங்கைத் தொடர்பு இன்னும் பெரியது. 1795-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நெதர்லாந்தைப் பிடித்தது. டச்சு ஆட்சியாளர் இங்கிலாந்துக்கு ஓடினார். டச்சுக் காலனிகளை ஆங்கிலேயரிடம் விடச் சொல்லிக் கடிதம் எழுதினார். சென்னையிலிருந்து போன படை அந்த ஆண்டே திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. 1796-இல் கொழும்பும் விழுந்தது. 1802-இல் ஆமியேன் ஒப்பந்தம் அந்தக் கரையோரப் பகுதிகளைப் பிரிட்டனுக்கே நிரந்தரமாக்கியது. பிரான்சுக்காகக் கையெழுத்திட்டவர் நெப்போலியனின் அண்ணன் ஜோசப். பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்டவர், இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ். மேசையைச் சுற்றி அந்தத் தீவைச் சேர்ந்த ஒருவரும் இல்லை.

ரஷ்யாவில் அவரைத் தோற்கடித்தது குளிர்தானே?

அவருடைய அறிக்கை அப்படித்தான் சொன்னது. எண்களைப் பாருங்கள். 1812 ஜூன் 24 முதல் நெமன் ஆற்றைக் கடந்த முக்கியப் படை நான்கு லட்சத்துக்கும் மேல். செப்டம்பர் 7 அன்று போரோதினோவில் அவரிடம் இருந்தது சுமார் 1,30,000. வழியில் காவலுக்கு விட்ட படைகளைக் கழித்தாலும் பெரும்பகுதி பனி விழுமுன்பே போய்விட்டது. கோடை வெயில், பச்சைப் பயிர் தின்று செத்த குதிரைகள், ரொட்டி வண்டிகள் வந்து சேராத சாலைகள், வயிற்றுப்போக்கு, பேன் பரப்பிய காய்ச்சல். வில்னியுஸ் நகரில் 2001-இல் கிடைத்த கூட்டுப் புதைகுழியில் ஆயிரக்கணக்கான எலும்புகள் இருந்தன. 2006-இல் வெளியான ஆய்வில், அந்தப் பற்களில் பேன் மூலம் பரவும் காய்ச்சல்களின் கிருமித் தடயங்கள் தெரிந்தன. குளிர் கடைசி அடியைத்தான் கொடுத்தது.

அந்தப் படையில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். போலந்தவர், ஜெர்மானியர், இத்தாலியர், டச்சுக்காரர். டிசம்பரில் பாரிஸில் வெளியான 29-ஆம் போர் அறிக்கை பேரழிவை ஒப்புக்கொண்டது. அதன் கடைசி வரி: மாட்சிமை தங்கியவரின் உடல்நிலை இதைவிட நன்றாக இருந்ததே இல்லை. மகன் திரும்பாத வீட்டில் அதைப் படித்தவர்களை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பகுதியைப் பதிவு செய்தேன்.

விஷம் வைத்துக் கொன்றார்களா?

வயிற்றுப் புற்றுநோய் என்பதுதான் இன்றைய பெரும்பான்மைக் கருத்து. 1821 மே 5 அன்று இறந்தார், வயது 51. தலைமுடியில் ஆர்சனிக் இருந்தது உண்மை. ஆனால் அவர் சிறுவனாக இருந்தபோது எடுத்த முடியிலும் இருந்தது. அன்றைய வாழ்க்கையில் சாயம், மருந்து என்று ஆர்சனிக் எங்கும் கலந்திருந்தது.

குழந்தைகளோடு கேட்கலாமா?

எகிப்துப் பகுதிகளை, யாஃபா தவிர, தாராளமாகக் கேட்கலாம். ரோசெட்டா கல், கூடவே போன அறிஞர் கூட்டம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். யாஃபாவில் 1799 மார்ச்சில் சரணடைந்த கைதிகளைக் கொன்றார்கள். அதையும் ஹைட்டி, ஸ்பெயின் பகுதிகளையும் பெரியவர்கள் முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடர் வாட்டர்லூவோடு முடியுமா?

முடியாது. செயின்ட் ஹெலெனாவுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. 1840 டிசம்பரில் உடல் பாரிஸுக்குத் திரும்பி அன்வாலித் தேவாலயத்துக்குப் போன ஊர்வலமும் வரும். அதற்கப்புறம் 1848 ஏப்ரல் 27 வரை போவேன். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை இரண்டாம் முறையாக ஒழிந்த நாள் அது. நெப்போலியன் 1802-இல் எடுத்த முடிவு அந்த நாள் வரை மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் சட்டமாக இருந்தது.

கேள்வியோ திருத்தமோ அனுப்பினால் பதில் வருமா?

வரும், கொஞ்சம் தாமதமாகலாம். எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிடுங்கள். தேதி, பெயர், எண்ணிக்கை பற்றிய திருத்தம் என்றால் எங்கே படித்தீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். சரிபார்த்து, அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.